மணல் வந்த வழி

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் வீட்டில் சைக்கிள் வைத்திருக்கும் தம்பதியருக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அவசரப்படாமல் மிதித்தால், நடுவில் டீ, டிபன், இளநீர் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆகும். கோவளத்தோடு நிறுத்திக்கொண்டால் 40 கிலோமீட்டர்தான். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் விடியற்காலையில் கிளம்பி, கடலோரச் சொகுசு விடுதி ஒன்றில் ஓரிரவோ இரண்டு இரவோ தங்கி, மிதித்தோ வண்டியில் ஏற்றிக்கொண்டோ வீடு திரும்புவது. சைக்கிள் விடுமுறை என்பது இவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலைகளில் கண்ணில் படும் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் நகரத்தின் தெற்குப் பாதிக்காரர்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் திருவான்மியூரில் கிளம்புகிறவருக்கும் தண்டையார்பேட்டையில் கிளம்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம் 18 கிலோமீட்டர்தான். அந்த 18 கிலோமீட்டரில் துறைமுகம் இருக்கிறது, மீன் சந்தை இருக்கிறது, கன்டெய்னர் லாரி இருக்கிறது. தூரத்தைவிட இவைதான் ஆளைத் தடுக்கின்றன.

வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு கடற்கரை விடுதிக்கு 60 கிலோமீட்டர் போவானேன் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் மணலில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் அது திரும்பித் தெற்கே போகிறது. வருடக் கணக்கை நேர் செய்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல்சுவர் நீட்டியபோது, இந்த மணல் ஓட்டத்துக்குக் குறுக்கே தடுப்பு விழுந்தது. 1881 புயல் அந்தச் சுவர்களை உடைத்துப்போட்டது, மறுபடி கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. ஒருகாலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகிலேயே அலையடித்த கடல் பின்வாங்கி, மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அங்கே இன்று இருப்பது கருங்கல் கொட்டிய கரை. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர் உட்கார்ந்திருக்கும் மணலில் ஒரு பங்கு திருவொற்றியூருக்குச் சேரவேண்டியது என்று சொன்னால் தப்பில்லை.

வடக்கில் உல்லாசக் கடற்கரை இருந்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கும்பினி காலத்தில் கோட்டையைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன இடம் எண்ணூர். பேசில் காக்ரேன் 1806இல் வெட்டிய கால்வாய் சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. அதில் படகேறிப் போகலாம். பிற்பாடு அந்தக் கால்வாய் இரு பக்கமும் நீண்டு, 1878இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. கொசஸ்தலை கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தைச் சுற்றி அனல் மின் நிலையமும் சாம்பல் குட்டையும் வந்தபின் ஓய்வெடுக்க யாரும் எண்ணூருக்குப் போவதில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை, எண்ணூர்க் குப்பங்களின் கரையில் ஆட்கள் வாளி வாளியாக அள்ளியது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே தம்பதி தெற்கே போகவேண்டியிருக்கிறது; மணல் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியை எதிர்த்து.

தம்பதியாகச் சைக்கிளில் ஊர் சுற்றுவது புது நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்கரான ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனும் 1897 வாக்கில் இலங்கை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரை சைக்கிளிலேயே போனார்கள். இலங்கை, ஜாவா, பர்மா எல்லாம் சேர்த்து 14,000 மைல். 1904இல் அதை ஒரு புத்தகமாகவும் போட்டார்கள். ஆளுக்கொரு கம்பளி, தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின் உணவு, மருந்துப் பெட்டி, பஞ்சர் சாமான், இவைதான் மூட்டை. முள் நிறைந்த சாலைகளில் ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். இரவில் தங்கியது எலி ஓடும் அறைகளிலும் ரயில் நிலையக் காத்திருப்பு அறைகளிலும். கோயில் சிற்பங்களைப் பார்க்கத்தான் அவர்கள் இத்தனை பாடுபட்டார்கள். இந்த மடலின் தம்பதிக்கு வாய்த்திருப்பது தார்ச்சாலையும் வெந்நீர்க் குழாயும். பஞ்சர் ஒன்றிரண்டு வந்தால் அதிகம்.

சைக்கிளுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் உள்ள உறவில் புதுக்கோட்டையைச் சொல்லாமல் போக முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவோடு சேர்த்தார். கல்லுடைப்பவர்களும் செவிலியர்களும் ஆசிரியைகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் தம்பதியின் சைக்கிள் சவாரி என்றால் கணவன் மிதிக்க மனைவி கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவதுதான். டபுள்ஸ் போனாலும் விளக்கில்லாமல் போனாலும் போலீஸ் பிடிக்கும் என்று பயந்த காலம் அது. ஊராட்சியும் நகராட்சியும் வருடாவருடம் தகர வில்லை கொடுத்து சைக்கிளுக்கு வரி வாங்கின. இப்போதைய விடுமுறைக்கு இரண்டு சைக்கிள் வேண்டும். கேரியரில் ஆளை வைத்து 60 கிலோமீட்டர் மிதித்தால், விடுதிக்குப் போய்ச் சேர்கிறவர் ஒருவராகவும் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகிறவர் ஒருவராகவும் ஆகிவிடும்.

எந்தச் சைக்கிள் என்பதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. பிளஸ் 1 படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிளே போதும், சீட்டும் பிரேக்கும் சரியாக இருந்தால். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் சென்னைக்குச் சொந்த ஊர்ச் சரக்கு. திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைப் பெருமையோடு பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் அந்தக் கம்பெனி முதலில் செய்தது சைக்கிள்தான். கியர் வைத்த விலை கூடிய சைக்கிள் முட்டியைக் காப்பாற்றும், உண்மை. ஆனால் மாமல்லபுரம் வரை சாலை தட்டை. பாலங்களைத் தவிர ஏற்றம் கிடையாது. கியர் இல்லாததால் நின்றுபோகும் பயணமல்ல இது.

கவனிக்கவேண்டியது டயரும் வால்வும். பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் 28க்கு ஒன்றரை அளவு டியூப் தெருமுனைப் பஞ்சர் கடை எல்லாவற்றிலும் தொங்கும். மெல்லிய டயர் போட்ட வெளிநாட்டு மாதிரி சைக்கிளுக்கான 700சி டியூப் முட்டுக்காட்டுக்குத் தெற்கே கிடைப்பது சந்தேகம்; ஆளுக்கு இரண்டு கையோடு கொண்டுபோகவேண்டும். இந்த மெல்லிய டியூப்களில் சிலவற்றுக்கு வால்வு ஊசிபோல் இருக்கும். லாரிக்குக் காற்றடிக்கும் கடையில் நின்றால் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். மூடிபோல் மேலே திருகும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது அது. விடுமுறையின் தலையெழுத்து சில சமயம் அதில்தான் இருக்கிறது.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வதற்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளே பள்ளிக்கூடம். டயரை நெம்பி டியூபை உருவி, காற்றடித்து, அலுமினியத் தட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் திருப்புவார்கள். குமிழி வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, துடைத்து, காப்பிங் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டாமல் அது காயும்வரை வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் கற்பவர்கள் கோட்டைவிடுவது அந்தப் பேச்சு நேரத்தில்தான். ஈரமாக ஒட்டிய ஒட்டு உத்தண்டி தாண்டுவதற்குள் கழன்றுவிடும். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் மூடினால், அடுத்த கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி ஓட்டை.

எப்போது போவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் உண்டு: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சைக்கிள்காரருக்கு இது இலக்கியமல்ல, கணக்கு. மார்கழி, தை மாதங்களில் வாடை முதுகில் கைவைத்துத் தெற்கே தள்ளும். போகும்போது சுகம், திரும்பும்போது எதிர்க்காற்று. பங்குனிக்குமேல் தென்றல், போகும்போது நெஞ்சில் இடிக்கும், வரும்போது தூக்கிக்கொண்டு வரும். முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பொருத்தமான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அக்டோபர், நவம்பர் வேண்டாம். ஒரு புயல் சின்னம் போதும், விடுதிக்குக் கட்டிய முன்பணம் போய், நனைந்த துணிதான் மிஞ்சும். ஏப்ரல், மே மாதங்களில் போயே ஆகவேண்டும் என்றால் ஒன்பது மணிக்குள் விடுதி வாசலில் இறங்கிவிடவேண்டும். கோடை நாளில் கடற்காற்று உள்ளே வர நண்பகல் நெருங்கிவிடும். அதுவரை நிலத்திலிருந்து வீசுவது அடுப்படிக் காற்று.

கிழமைக்கும் ஒரு கணக்கு உண்டு. விடுதிகளில் வெள்ளி, சனி இரவுகளுக்கு வாடகை கூடுதல். ஞாயிறு முதல் வியாழன் வரை குறைவு. ஷிஃப்ட் வேலையில் வார நடுவில் ஓய்வு வரும் தொழிற்சாலைக் குடும்பத்துக்கு இங்கே ஐ.டி. கம்பெனிக்காரரைவிட அதிர்ஷ்டம் அதிகம். ஓரிரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் தொகையில் பெரும்பாலும் அது சேராது. பணத்தை எண்ணி எடுத்துவைக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்த 18 கிலோமீட்டர். கிளம்பவேண்டிய நேரம் அதிகாலை நாலரை. தண்டையார்பேட்டையிலிருந்து தெற்கே இரண்டு வழி. ஒன்று, மெட்ரோ வந்தபின் ஓரளவு சீரான திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து ராஜாஜி சாலையைப் பிடிப்பது. மற்றது காசிமேடு வழியாகச் சூரியநாராயண செட்டி தெருவில் இறங்கி ராயபுரம் போவது. இரண்டாவது வழிக்கு அழகு அதிகம், ஆபத்தும் அதிகம். விடியுமுன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, மீன் செதிலோடு கலந்து சாலையில் ஒரு வழுக்கல் படலம் படிந்திருக்கும். அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரமே அங்கே மீன் வாங்க வரும் என்பதால் அன்று அந்த வழி அறவே கூடாது.

கன்டெய்னர் லாரிகளைப் பற்றி வடசென்னைக்காரருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் ஸ்கூட்டரில் போகும் பழக்கம் சைக்கிளில் எடுபடாது. வரிசையில் நிற்கும் ட்ரெய்லரின் இடப்பக்கம் நுழைந்து முன்னே போவது ஸ்கூட்டருக்கு இரண்டு நொடி, சைக்கிளுக்குப் பத்து நொடி. அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். ட்ரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் உயரத்திலிருந்து அந்தப் பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் தெரிவதும் கடினம். நிற்கிற லாரிக்குப் பின்னாலேயே நிற்பதுதான் வழி. கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு பக்கம்பக்கமாகப் போவதற்கு மெரினா வரும். ராயபுரத்தில் முன்னும் பின்னும்தான்.

கடற்கரை ரயில் நிலையம், துறைமுக வாசல்கள், கோட்டை என்று கடந்து நேப்பியர் பாலத்தில் ஏறும்போது பெரும்பாலும் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். பாலத்தைத் தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிடும். டீசல் போய் உப்பு வரும். அங்கிருந்து சாந்தோம், அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலம், எல்.பி. சாலை, திருவான்மியூர். வடக்கே ஒற்றியூர் தியாகராசர், தெற்கே வான்மியூர் மருந்தீசர். நகரத்தின் இரு முனையிலும் தேவாரம் பெற்ற ஒரு சிவன் கோயில் காவல் இருப்பதுபோல் ஓர் அமைப்பு. மருந்தீசர் கோயில் பக்கத்தில் இட்லி சாப்பிடுவது அன்றைய முதல் ஓய்வு. வயிறு நிறையச் சாப்பிட்டால் மிதிக்க முடியாது. மூன்று இட்லி, ஒரு வடை கணக்கு.

இதற்கப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரை அது சாலையே அல்ல, நீளமான கடைத்தெரு. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஓவியர்களோடு சேர்ந்து அமைத்த சோழமண்டலம் கலைக் கிராமம் இருக்கிறது. அந்த நேரத்தில் திறந்திருக்காது. உத்தண்டி சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. கார்கள் வரிசையில் காத்துக்கிடக்க ஓரமாக நழுவிப் போவதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு, அதை அனுபவிக்கலாம். சாவடி தாண்டியதும் கார்களின் வேகம் சட்டென்று கூடிவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இந்தச் சாலையில் விடியற்காலைப் பந்தயம் ஓட்டும் பைக்குகளும், இரவுக் கொண்டாட்டம் முடிந்து திரும்பும் கார்களும் உண்டு. பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல், இருட்டு விலகாத நேரத்தில் இங்கே வரவே கூடாது. ஹெல்மெட்டுக்கும் அதே பேச்சு.

முட்டுக்காட்டுப் பாலம் வந்ததும் இறங்கி நின்றுவிடலாம். வலப்பக்கம் உப்பங்கழி, இடப்பக்கம் அது கடலில் கலக்கும் வாய். சில மாதங்களில் அந்த வாயை மணல் அடைத்துவிடும். வடக்கே போகிற மணல் போகிற போக்கில் செய்கிற வேலை. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முட்டுக்காடு ஒரு மாதிரியான உணர்வைத் தரும். அதே உப்பங்கழி, அதே பக்கிங்காம் கால்வாய். இங்கே படகுச் சவாரிக்கு டிக்கெட், அங்கே சாம்பல்.

முட்டுக்காட்டை அடுத்துக் கோவளம். இங்கே ஒரு தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் உண்டு. தர்காவுக்கு வடசென்னைக் குடும்பங்கள் வேன் பிடித்து வருவது பழைய வழக்கம் என்பதால் ஊர் பலருக்குத் தெரிந்ததுதான். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இது. தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி 1970களிலிருந்து இங்கே இருக்கிறது. கடற்கரைச் சொகுசு விடுதி என்ற எண்ணத்தையே சென்னைக்காரர்களுக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. விடுதி நிற்பது பழைய கோட்டை ஒன்றின் இடத்தில். டச்சுக் கோட்டை என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் வரலாற்றில் கோவளம் கோட்டை ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கட்டியதாக வருகிறது. பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தார். பீரங்கி நின்ற இடத்தில் இன்று சாய்வு நாற்காலி.

கோவளத்தைத் தாண்டித் திருவிடந்தை. கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கிப்போய் வேண்டிக்கொண்டு, ஆனபிறகு அந்தப் பழைய மாலையோடு தம்பதியாய்த் திரும்பி வரும் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில். மாலை பாக்கி வைத்திருப்பவர்கள் அதைச் செலுத்திவிட்டே போகலாம். அடுத்து வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. பக்கத்து நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்; 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்கு அமைந்தது. அதே அளவு நிலையம் 2010இல் மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியிலும் வந்தது. வடக்கும் தெற்கும் நகரத்துக்கு ஒருகாலத்தில் சமமாகக் கொடுத்த ஏதோ ஒன்று உண்டு என்றால், அது இந்தத் தண்ணீர்தான்.

சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்கு அருகே நிற்க ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறையினர் அங்கே மணலைத் தோண்டி ஒரு பழைய முருகன் கோயிலை வெளியே கொண்டுவந்தார்கள். கீழே செங்கல், மேலே பல்லவர் காலக் கல். நூற்றாண்டுகளாக மணலுக்குள் மூடிக்கிடந்த கோயில் அது. ஓர் இடத்தில் மணல் இல்லாமல் ஊரே போகிறது. இன்னோர் இடத்தில் மணல் வந்து கோயில் போயிருக்கிறது.

மாமல்லபுரத்தில் நுழைவதற்கு முன்னும் பின்னும் விடுதிகள் நிறைய. நெம்மேலி, வடநெம்மேலிப் பக்கம் பன்னாட்டுப் பெயர்கள். ஊருக்குள் கடற்கோயில் தெரியும் தூரத்தில் டெம்பிள் பே. இது மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய விடுதி. அரசு தன் விடுதிகளை விற்றபோது 2002இல் ஜி.ஆர்.டி. குழுமத்துக்குப் போய், பிறகு ராடிசன் பெயரில் நடக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சைக்கிளில் வருகிறவருக்கு ஒரே சிக்கல்: அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நாலரைக்குக் கிளம்பியவர்கள் ஒன்பதரைக்கு வியர்வையோடு வரவேற்பறையில் நிற்பார்கள். விடுதிகளின் கணக்கு காரில் வருகிறவர்களை வைத்துப் போட்டது. முதல் நாளே தொலைபேசியில் சைக்கிளில் வருவதாகச் சொல்லி, சீக்கிரம் அறை கிடைக்குமா என்று கேட்டுவைப்பது உசிதம். வார நடுவில் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பையை ஒப்படைத்துவிட்டு, 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிற்பங்களைப் பார்க்கப் போகலாம். வெயில் ஏறுமுன் ஐந்து ரதத்தைப் பார்ப்பதற்கு சைக்கிளைவிட வசதியான வண்டி கிடையாது.

விடுதி வாசலில் நடக்கும் ஒரு சின்ன நாடகமும் உண்டு. காவலர் கையில் காரின் அடியைப் பார்ப்பதற்கான கண்ணாடிக் கோல். சைக்கிள் வந்து நின்றதும் பழக்கத்தில் ஓர் அடி முன்னே வந்து, கோலை நீட்டி, சைக்கிளுக்கு அடியில் பார்க்க ஒன்றுமில்லை என்று உணர்ந்து, பாதியில் நிறுத்துவார். வேலைக்கு வந்தவர்களா, தங்க வந்தவர்களா என்று முகத்தைப் பார்ப்பார். பணியாளர் வாசல் அந்தப் பக்கம் என்று கை காட்டினாலும் ஆச்சரியமில்லை. அங்கே தினமும் சைக்கிளில் வருகிறவர்கள் தோட்டவேலைக்காரர்களும் சமையல்கட்டுக்காரர்களும்தான். பதிவுச் சீட்டைக் கைபேசியில் காட்டியதும் சல்யூட் விழும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவரும் எங்கோ சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சீருடையைப் போட்டிருப்பார். இருவரின் அடையாள அட்டையும் வரவேற்பறையில் கேட்பார்கள். சைக்கிளை வெளியே மரத்தடியில் விடாமல் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிக் கேட்கலாம், மறுப்பதில்லை.

அறைக்குள் போனதும் முதல் வேலை குளிர்சாதனத்தைத் தட்டிவிட்டுப் படுப்பதாக இருக்கக்கூடாது. தொடைத் தசை இறுகிவிடும். கால் மணி நேரம் நடந்து, தண்ணீர் குடித்து, பிறகு குளியல். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே இளநீரோடு உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளரும் வேண்டும். பதநீரும் நுங்கும் மாசி, பங்குனியிலிருந்து சாலையோரத்தில் கிடைக்கும். விடுதியின் காலை பஃபேயில் பலர் போட்ட பணத்துக்கு ஈடாகச் சாப்பிடப் பார்ப்பார்கள். திரும்பும் நாளில் அதைச் செய்தால் கோவளம் வருவதற்குள் வயிறு பழிவாங்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னைக் கரையில் கல்லுக்கு நடுவே கடலைப் பார்த்தவர்களுக்கு இந்த விரிந்த மணல் ஆசைகாட்டும். ஆனால் மாமல்லபுரக் கடலுக்குள் சரிவு திடீரென்று ஆழமாகும் இடங்கள் உண்டு, இழுப்பும் உண்டு. விடுதியின் உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி கட்டியிருந்தால் நீச்சல் குளம்தான் கதி. டெம்பிள் பேயில் அந்தக் குளம் அறைகளைச் சுற்றி வளைந்து நெடுந்தூரம் போகும் என்பதால் பெரிய நஷ்டமில்லை. அலை வந்து தொடும் ஈரமணல் எந்த விடுதிக்கும் சொந்தமல்ல. எதிரே ஊர் மீனவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தால் அது அவர்கள் இடம். காசிமேட்டுத் தம்பதியாக இருந்தால் எந்த மீன் என்ன விலை என்று பேச்சு ஆரம்பித்து, விடுதியின் மெனுவில் இருக்கும் விலையைக் கேட்டு இரு தரப்பும் சிரிப்பதில் முடியும்.

இரண்டாம் இரவு தங்க முடிந்தால் தங்குவது மேல். முதல் நாள் உடம்பு விடுமுறையை உணர்வதில்லை. தூங்கி எழுந்து கால்வலியைத் தடவும் இரண்டாம் நாளில்தான் உணர்கிறது. நீண்ட தூரம் மிதிப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆடாக்ஸ் எனும் நெடுந்தூர சைக்கிள் ஓட்ட விதிப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்கிறவர்கள் இந்தச் சாலையிலேயே இருக்கிறார்கள். அது வேறு வகை. தம்பதியின் விடுமுறையில் வேகம் கூடினவர் குறைந்தவருக்காக நிற்கவேண்டும். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் முன்னால் நிற்கிறவர் உடனே கிளம்பிவிடக்கூடாது. இளைப்பாறுதல் ஒருவருக்கு மட்டும் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது அப்படித்தான். தம்பதிக்குள் சண்டை மூள்வதும் அந்த இடத்தில்தான்.

திரும்புவதற்கு இரண்டு வழி. மிதித்தே வருவதானால் மறுபடி விடியுமுன் கிளம்பவேண்டும். தை மாதமாக இருந்தால் வாடை முகத்தில் அடிக்கும், போனதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஒருவர் முன்னே போய்க் காற்றை வாங்க, மற்றவர் ஒட்டிப் பின்னே வந்து, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறிக்கொண்டால் சுமை குறையும். ராஜாஜி சாலைக்கு வரும்போது வேலைநாள் போக்குவரத்து தொடங்கியிருக்கும் என்பதால், திருவான்மியூரோடு மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து இரண்டு சைக்கிளையும் ஏற்றி வீட்டுக்கு வருவது வெட்கப்படவேண்டிய காரியமல்ல. சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, நடுவில் ஒரு பழைய போர்வை போட்டால் கீறல் விழாது.

வீடு வந்ததும் அன்றே ஒரு வேலை பாக்கி. கடற்கரையில் இரண்டு நாள் நின்ற சைக்கிளின் சங்கிலியிலும் ஸ்போக்கிலும் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பனியனால் துடைத்து, வெயிலில் காயவைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடவேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் துரு. கழுவும்போது மட்கார்டுக்கு உள்பக்கத்திலிருந்து ஒரு பிடி மணல் கொட்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்